கல்லில் தமிழை விட்டுச் சென்ற சீனக் கடல் தளபதி

மலாக்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. புக்கிட் சீனா அடிவாரத்தில் ஒரு பழைய கோயில், அதன் பக்கத்தில் ஒரு கிணறு, ஊருக்குள்ளே ஓர் அருங்காட்சியகம். எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் செங் ஹோ. பினாங்கு பத்து மாவுங்கில் பாறையில் உள்ள ஒரு பள்ளத்தை அவருடைய காலடித் தடம் என்று சொல்லி இன்றும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

சரித்திரப் புத்தகத்தில் அவருக்குக் கிடைப்பதோ நாலு வரி. பெரிய கப்பல்களோடு வந்தார், மலாக்காவுக்கு ஆதரவு கொடுத்தார், போனார். அவ்வளவுதான்.

ஆனால் அந்த நாலு வரிக்குள் அடங்காத கதை ஒன்று இருக்கிறது, நண்பர்களே. சீனர்கள் தெய்வமாகக் கும்பிடும் இவர் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. உலகின் மிகப் பெரிய கப்பற்படையை நடத்திய இவர், பத்து வயதில் போர்க் கைதியாகப் பிடிக்கப்பட்டவர். அது மட்டுமா? நம் தெய்வம் ஒன்றைப் போற்றித் தமிழில் எழுதிய கல்வெட்டை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டியது இவருடைய கப்பற்படைதான்.

மலைநாட்டுச் சிறுவன்

1371-ஆம் ஆண்டு. சீனாவின் தென்மேற்கு மூலையில் யுனான் என்ற மலைப்பிரதேசம். அங்கே குன்யாங் என்ற ஊரில் ஒரு பையன் பிறந்தான். பெயர் மா ஹோ. 'மா' என்பது சீன முஸ்லிம்களிடையே பரவலாக உள்ள குடும்பப் பெயர். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் மக்காவுக்கு ஹஜ் பயணம் போய் வந்தவர்கள். அந்தக் காலத்தில் யுனானிலிருந்து மக்கா போய்த் திரும்புவது சாமானியமான காரியமா? வீட்டிலே தூர தேசக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன் அவன் என்று நாம் ஊகிக்கலாம்.

அப்போது சீனாவில் ஆட்சி மாறிக்கொண்டிருந்தது. மங்கோலியர்களை விரட்டிவிட்டு மிங் வம்சம் அரியணை ஏறி சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. யுனான் மட்டும் இன்னும் மங்கோலியர் கையில் இருந்தது. 1381-இல் மிங் படை யுனானுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு மா ஹோவின் அப்பா இறந்து போனார். அவருக்கு வயது 39. பையன் படையினர் கையில் சிக்கினான்.

பிடிபட்ட சிறுவர்களுக்கு அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதை எழுதவே கை கூசுகிறது. அரண்மனை வேலைக்கு வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு ஆண்மை நீக்கம் செய்தார்கள். அரசகுடும்பத்துப் பெண்கள் இருக்கும் இடத்தில் வேலை செய்ய அப்படிப்பட்டவர்களைத்தான் விடுவார்கள். அந்தச் சித்திரவதையில் செத்துப் போனவர்கள் ஏராளம். மா ஹோ பிழைத்தான். ஆனால் தகப்பன் இல்லை, ஊர் இல்லை, தனக்கென்று ஒரு பிள்ளை இனி பிறக்கப் போவதும் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு இதைவிட என்ன கேடு வர முடியும்?

அடிமையிலிருந்து தளபதி

மா ஹோவை, பேரரசரின் நான்காவது மகன் சூ டி என்ற இளவரசரின் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த இளவரசர் இருந்தது வடக்கே, இன்றைய பெய்ஜிங்கில். மங்கோலியர் எல்லையை ஒட்டிய ஊர் அது. எந்நேரமும் சண்டை. அங்கே மா ஹோ படித்தார், குதிரை ஏறினார், போர்க்களம் போனார். குடும்பத்தார் சொல்லி வந்த செய்திகளின்படி நல்ல உயரம், கம்பீரமான நடை, கூட்டத்திலும் கேட்கிற கணீர்க் குரல். கொஞ்சம் கொஞ்சமாக இளவரசரின் நம்பிக்கைக்குரிய ஆளாக மாறினார்.

1398-இல் பெரிய பேரரசர் இறந்தார். அரியணை மகனுக்குப் போகாமல் பேரனுக்குப் போனது. புதுப் பேரரசரான அந்த இளைஞர் தன் சித்தப்பாக்களின் அதிகாரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். சூ டி சும்மா இருப்பாரா? 1399-இல் கலகம் வெடித்தது. மூன்று ஆண்டு உள்நாட்டுப் போர். மா ஹோ இளவரசரின் பக்கத்திலேயே நின்று போரிட்டார். 1402-இல் தலைநகர் நான்ஜிங் விழுந்தது. அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அந்த இளம் பேரரசருக்கு என்ன ஆயிற்று என்பது இன்று வரை விடுபடாத புதிர்.

சூ டி அரியணை ஏறினார். யோங்லே பேரரசர் என்று சரித்திரம் சொல்வது இவரைத்தான். கூட நின்றவர்களை அவர் மறக்கவில்லை. 1404-இல் மா ஹோவுக்குச் செங் என்ற புதிய குடும்பப் பெயரைக் கொடுத்தார். அவர் வீரம் காட்டிய ஒரு போர்க்களத்தின் நினைவாக வந்த பெயர் அது. அன்று முதல் அவர் செங் ஹோ. சாம் போ என்ற செல்லப் பெயரும் உண்டு. நம் ஊர்க் கோயில்களில் நிலைத்தது அந்தப் பெயர்தான்.

கடலில் ஒரு நகரம்

யோங்லே பேரரசருக்குத் தன் பெயர் உலகமெல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசை. அபகரித்த அரியணை அல்லவா? நாலு தேசத்து அரசர்கள் தூது அனுப்பி வணங்கினால்தானே அதற்கு மதிப்பு! வணிகமும் வேண்டும். ஆகவே பெரிய கப்பல்களைக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார். தலைமைப் பொறுப்பைச் செங் ஹோவிடம் கொடுத்தார். கடலே இல்லாத மலைநாட்டில் பிறந்தவரிடம்!

1405 ஜூலையில் முதல் பயணம் கிளம்பியது. 317 கப்பல்கள். ஏறக்குறைய 27,800 பேர். சிப்பாய், மாலுமி, தச்சர், கொல்லர், சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர், கணக்கர் என்று ஒரு நகரமே மிதந்து போனது மாதிரி. மருத்துவப் பணிக்கு மட்டும் 180 பேர். குதிரைகளுக்குத் தனிக் கப்பல், தானியத்துக்குத் தனிக் கப்பல், குடிநீருக்குத் தனிக் கப்பல். பகலில் கொடியாலும் இரவில் விளக்காலும் முரசாலும் கப்பலுக்குக் கப்பல் பேசிக்கொண்டார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 87 ஆண்டுகள் கழித்து 1492-இல் கொலம்பஸ் புறப்பட்டபோது அவரிடம் இருந்தவை மூன்றே கப்பல்கள், சுமார் 90 ஆட்கள்.

செங் ஹோவின் பெரிய கப்பல்கள் 120 மீட்டருக்கும் மேல் நீளம் என்று சீனப் பதிவுகள் சொல்கின்றன. மரக்கப்பல் அவ்வளவு நீளம் தாங்காது, அதில் பாதி அளவாக இருந்திருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான்ஜிங்கில் பழைய கப்பல் பட்டறை இருந்த இடத்தைத் தோண்டியபோது ஒரு சுக்கான் தண்டு கிடைத்தது. அதன் நீளம் மட்டும் 11 மீட்டர். சுக்கானே அவ்வளவு என்றால் கப்பல் எவ்வளவு இருந்திருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1405 முதல் 1433 வரை இப்படி ஏழு பயணங்கள். சம்பா, ஜாவா, மலாக்கா, இலங்கை, கொச்சி, கள்ளிக்கோட்டை, பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ், அரேபியாவின் ஏடன், ஆப்பிரிக்காவின் மொகதிசு என்று கடல் வழி நீண்டுகொண்டே போனது.

மலாக்கா ஏன்?

நம் நாட்டுக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. அன்றைய கப்பல் காற்றை நம்பித்தான் ஓடியது. ஆண்டு இறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று சீனாவிலிருந்து கப்பலைத் தெற்கே தள்ளிக்கொண்டு வரும். ஆண்டு நடுவில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று திரும்பக் கொண்டு போய் விடும். இரண்டுக்கும் நடுவே காத்திருக்க ஓர் இடம் வேண்டும். மலாக்கா நீரிணைதான் அந்த இடம்.

அப்போது மலாக்கா பரமேஸ்வரா ஆண்ட சின்னஞ்சிறு துறைமுகம். வடக்கே சயாமின் மிரட்டல் வேறு. சீனப் பேரரசர் பரமேஸ்வராவை அரசராக அங்கீகரித்து, மலாக்காவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சயாமுக்கும் சொல்லி வைத்தார். 1411-இல் பரமேஸ்வரா மனைவி, மகன், பரிவாரம் என்று 540 பேருடன் சீனாவுக்கே போய்ப் பேரரசரைப் பார்த்துவிட்டு வந்தார்.

செங் ஹோவுடன் பயணம் செய்த மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், பார்த்ததையெல்லாம் புத்தகமாக எழுதி வைத்தார். மலாக்காவில் சீனர்கள் மரவேலி அடித்து, நான்கு வாசல் வைத்து, காவல் கோபுரம் கட்டி ஒரு கிடங்கை அமைத்திருந்தார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. இராத்திரியில் மணி அடித்துக்கொண்டு காவலர் சுற்றி வருவார்கள். பல தேசங்களுக்குப் பிரிந்து போன கப்பல்கள் இங்கே வந்து கூடி, சரக்கைப் பிரித்துக் கட்டி, காற்று திரும்பியதும் ஊர் போகும். மலாக்கா பெரிய நகரமாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹங் லி போ இளவரசியை மலாக்காவுக்கு அழைத்து வந்தது செங் ஹோதான் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கதையில் வரும் சுல்தான் மன்சூர் ஷா ஆட்சிக்கு வந்தது 1459-இல். செங் ஹோ காலமாகி அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இரண்டு கதைகளையும் யாரோ சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

கை ஓங்கிய நேரங்கள்

செங் ஹோவைச் சாந்த சொரூபி என்று மட்டும் காட்டினால் அது உண்மை ஆகாது. கப்பல்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். பாலெம்பாங்கில் சென் சூயி என்ற கடற்கொள்ளைத் தலைவன் இருந்தான். சரணடைவதுபோல் நடித்துத் தாக்கத் திட்டமிட்டான். செங் ஹோவுக்கு முன்கூட்டியே தகவல் தெரிந்துவிட்டது. 1407-இல் நடந்த சண்டையில் கொள்ளையர் 5,000 பேர் மாண்டார்கள் என்று மிங் பதிவுகள் சொல்கின்றன. தலைவனை நான்ஜிங்குக்குக் கொண்டு போய் மரண தண்டனை கொடுத்தார்கள்.

இலங்கையிலும் ஒரு மோதல். அங்கே அதிகாரத்தில் இருந்த அழகேஸ்வரன், செங் ஹோவை உள்நாட்டுக்கு வரவழைத்துவிட்டு, கப்பல்களைக் கொள்ளையடிக்கப் பெரும்படையை அனுப்பினான். திரும்பும் வழியில் மரங்களை வெட்டிப் போட்டு அடைத்தும் விட்டார்கள். செங் ஹோவிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான். அவர் பதறவில்லை. எதிரியின் படையெல்லாம் கரைக்குப் போயிருந்தால் தலைநகர் காலியாகத்தானே இருக்கும்! குறுக்கு வழியில் கோட்டைக்குப் போய் அழகேஸ்வரனையும் குடும்பத்தையும் பிடித்துவிட்டார். 1411-இல் அவர்களைச் சீனாவுக்குக் கொண்டு போனார். பேரரசர் அவர்களைத் தண்டிக்காமல் விடுவித்தார். இதெல்லாம் சீனத் தரப்பு எழுதி வைத்த கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மொழி, மூன்று தெய்வ வழிபாடு

இனி நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம்.

1911-ஆம் ஆண்டு. இலங்கையின் காலி நகரில் பொறியாளர் ஒருவர் ஒரு மதகைப் பார்வையிட்டார். அதன் மேல் மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல்லில் எழுத்துகள் தெரிந்தன. எடுத்துக் கழுவிப் பார்த்தால், ஒன்றரை மீட்டர் அளவுள்ள கற்பலகை. மேலே இரண்டு கடல் நாகங்கள். கீழே ஒன்றல்ல, மூன்று மொழிகள். சீனம், தமிழ், பாரசீகம்.

அது செங் ஹோவின் கல். 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டு வந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி? தெனாவரை நாயினாரைப் போற்றுகிறது. இலங்கையின் தென்கோடியில், தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமால் அவர்.

இதில் வியப்பான செய்தி என்ன தெரியுமா? ஒவ்வொரு பகுதியிலும் காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய், வாசனைப் பொருள், விளக்கு. மூன்று பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருக்குக் கூட, இன்னொருவருக்குக் குறைவு என்ற பேச்சே இல்லை. அனுப்பியது சீனப் பேரரசர். கொண்டு வந்தது முஸ்லிம் வீட்டில் பிறந்தவர். பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர் நம் பெருமாள்.

அரசியல் இல்லாமலா என்று கேட்பீர்கள். இருந்தது. கடல் வழியில் நல்ல பெயர் வேண்டும் என்றால் அங்கே உள்ளவர்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த மொழியில் பேசினால் இந்தியப் பெருங்கடலில் கேட்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது. தமிழ் அன்று கடல் வணிகத்தின் மொழிகளில் ஒன்று. சீனாவின் சுவான்சோவ் துறைமுகத்திலேயே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள்.

தெனாவரைக் கோயிலைப் போர்த்துகீசியர் 1588-இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கல் மட்டும் எப்படியோ தப்பி, பிற்காலத்தில் சாக்கடை மூடியாகக் கிடந்து, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூன்றில் பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்து போனது. தமிழ் இன்னும் படிக்கக் கிடைக்கிறது.

ஒட்டகச்சிவிங்கியும் அப்பாவின் கல்லறையும்

1414-இல் வங்காள அரசர் சீனப் பேரரசருக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். மறு ஆண்டு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து இன்னொன்று வந்தது. சீனர்கள் அப்படி ஒரு மிருகத்தைப் பார்த்ததே இல்லை. நல்லாட்சி நடக்கும்போது மட்டும் தோன்றும் கிலின் என்ற புராண மிருகம் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அரண்மனையே திரண்டு வந்து பார்த்தது. அதைப் படமாக வரைந்தும் வைத்தார்கள்.

இந்த ஆரவாரத்தை விட மனதைத் தொடுவது இன்னொரு செய்தி. 1405-இல், முதல் பயணத்துக்குச் சற்று முன்பு, செங் ஹோ தன் அப்பாவுக்கு ஒரு நினைவுக்கல் எழுதச் செய்து சொந்த ஊரில் நிறுத்தினார். அந்தக் கல் இன்றும் குன்யாங்கில் இருக்கிறது. அப்பாவின் வயதும் நற்குணமும் அதில் எழுதியிருக்கிறது. கல்லின் பின்புறத்தில் சில வரிகள்: 1411-இல் மகன் ஊருக்கு வந்து முன்னோர் கல்லறைகளில் மரியாதை செலுத்திவிட்டுப் போனார் என்று. கைதியாகப் போன பையன், முப்பது ஆண்டு கழித்துத் தளபதியாக வந்து அப்பாவின் கல்லறை முன்னால் நின்றிருக்கிறார். பெற்ற பிள்ளை இல்லாததால் சகோதரரின் மகனைத் தத்து எடுத்துக்கொண்டார்.

கடைசிப் பயணம்

1424-இல் யோங்லே பேரரசர் இறந்தார். அடுத்து வந்தவர் பயணங்களை நிறுத்தினார். செலவு மிக அதிகம் என்று அதிகாரிகள் வெகுநாளாக முணுமுணுத்து வந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. வடக்கே எல்லைப் போர், பெய்ஜிங்கில் புதிய தலைநகர், இதோடு கப்பல் செலவும் சேர்ந்தால் பாரம் குடியானவன் தலையில்தானே விழும்?

இன்னொரு பேரரசர் வந்த பிறகு ஒரே ஒரு முறை அனுமதி கிடைத்தது. செங் ஹோவுக்கு அப்போது அறுபது வயது. 1431-இல் கிளம்புவதற்கு முன் பூஜியான் கடற்கரையில் ஒரு கல்வெட்டை நிறுத்தினார். முந்தைய பயணங்களின் கணக்கு அதில் இருக்கிறது. புயலில் தங்களைக் காப்பாற்றிய கடல் அன்னைக்கு நன்றியும் இருக்கிறது. இதுவே தன் கடைசிப் பயணம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அப்படியே ஆனது. 1433-இல், திரும்பும் வழியில் கள்ளிக்கோட்டையில் அவர் இறந்ததாகப் பலர் கருதுகிறார்கள். நான்ஜிங்கில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. உள்ளே உடல் இல்லை.

அதோடு சீனா கடலை மறந்தது. கப்பல்கள் மக்கிப் போயின. சில பத்தாண்டுகள் கழித்து, யாரும் மறுபடி இந்தச் செலவில் இறங்கக் கூடாது என்று ஓர் அதிகாரி பயண ஆவணங்களை மறைத்துவிட்டார், எரித்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது அந்தக் கடலில் சீனப் படை இல்லை. 1511-இல் மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தபோது, அதைக் காப்பாற்றச் சீனாவிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை.

எது நின்றது?

காகிதம் போனது. கப்பல் போனது. நின்றவை கல்லும் ஜனங்களின் நினைவும்தான். அப்பாவுக்கு ஒரு கல், கடல் அன்னைக்கு ஒரு கல், மூன்று மொழியில் ஒரு கல். செமாராங், மலாக்கா, திரெங்கானு, பினாங்கு என்று ஊர் ஊராகக் கோயில்கள். ஒரு முஸ்லிம் தளபதிக்குச் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அவர் கொண்டு வந்த கல்லில் நம் தமிழ் இருக்கிறது. பல இனம் சேர்ந்து வாழும் மண்ணில் வளரும் நமக்கு இதைத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலருக்கு வீட்டு நிலைமை சரியில்லாமல் இருக்கலாம். தொடக்கமே இப்படி ஆகிவிட்டதே, இனி என்ன என்று தோன்றலாம். பத்து வயதில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பையன், தனக்கு நடந்த கொடுமையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாழ்க்கையை முடித்துவிடவில்லை. கிடைத்த இடத்தில் கற்றுக்கொண்டார். பொறுப்பு வந்தபோது ஏற்றுக்கொண்டார். உயரத்துக்குப் போன பிறகும் அப்பாவின் கல்லறைக்குப் போய் நின்றார்.

அடுத்த முறை மலாக்காவுக்குப் போனால் ஜோங்கர் சாலையில் செண்டோல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். புக்கிட் சீனா வரை நடந்து போங்கள். கொழும்புக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் கல்லைத் தேடிப் போய்ப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்துகளைக் கண்டுபிடிக்க உங்களுக்கு யாருடைய உதவியும் தேவைப்படாது.